ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டி வித்த 'பாதி விலை' டெப் (டெப்லட்), ஏமாந்துடாதீங்க

இண்டைக்குக் காலம லைனிங் துணி எடுக்க கல்முனைக்குப் போன நான், மருதமுனை தாண்டி பஸ் போகக்க ஒரு ஓட்டோ ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு எதிர்ல வருது, "பாதி விலை பாதி விலை, மூண்டு நாள் மட்டும்" எண்டு. அந்தக் குரலக் கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு, அதே குரல்தான், போன மாசம் எங்கட களுவாஞ்சிகுடிப் பக்கம் வந்த அதே ரெக்கோடிங். வெக்கத்தில இவ்வளவு நாளும் வெளிய சொல்லாம இருந்த நான், இனியும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா இன்னும் நாலு தாய்மார் ஏமாறுவாங்க எண்டுதான் எழுதுறன்.

மகள் இந்த முறை ஓஎல் சோதினை. ரியூசன் சேர் கணக்குப் பாடம் எல்லாத்தையும் வீடியோவா எடுத்து பென்ட்ரைவ்ல குடுப்பாரு, சூம் கிளாஸ் கிழமைக்கு ரெண்டு நாள், எனக்கிட்ட இருக்கிற போன்ல ஸ்கிரீன் வெடிச்சுக் கிடக்கு, புள்ள அதுக்குள்ள கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாத்து தலையிடி எண்டு படுக்கும். ஒரு டெப் எடுத்துக் குடுப்பம் எண்டு சீட்டு விழுந்த காசில கொஞ்சம் ஒதுக்கி வச்சிருந்த நான். அந்த நேரம் சேரே தன்ட பழைய டெப்ப விக்கப்போறன், மூலையில சின்ன வெடிப்பு, மற்றப்படி ஒண்டும் இல்ல, 22,000 தாங்க எண்டாரு. பேர் தெரிஞ்ச கொம்பனிட சாமான். எடுத்திருக்கலாம். எடுத்திருக்கணும். ஆனா வெடிச்சத எடுத்து புள்ளைக்குக் குடுக்கவா எண்டு ஒரு மனசு.

அடுத்த நாள் பின்னேரம் ஓட்டோ வந்திச்சு. ஒரு ஹோல் வாடைக்கு எடுத்து, வாசல்ல பெரிய பேனர், உள்ளுக்கு மிக்ஸி, ரைஸ் குக்கர், பெட்ஷீட், ஒரு மேசை நிறைய டெப். 10 இஞ்சி, விலை 39,900 எண்டு எழுதி சிவப்புக் கோடு இழுத்து கீழ 17,900. பெட்டியில "5ஜி", "12ஜிபி ரெம்", "512ஜிபி", "ஆண்ட்ராய்டு 14" எண்டு பளபளக்கிற ஸ்டிக்கர். கொம்பனிப் பேர் நான் ஒருநாளும் கேள்விப்படாதது, கேட்டா "வெளிநாட்டில நல்லா ஓடுற பிராண்ட் அக்கா, இஞ்ச இப்பதான் வருது" எண்டான் அந்தப் பொடியன். நான் ஒண்டும் பாக்காம எடுக்கல்ல, அதையும் சொல்லணும். செட்டிங்ஸுக்குப் போய்க் காட்டு தம்பி எண்டன். காட்டினான். ரெம் 12, ஸ்டோரேஜ் 512, ஆண்ட்ராய்டு 14, எல்லாம் ஸ்டிக்கர்ல உள்ள மாதிரியே வருது. கையில தூக்கிப் பாத்தன், நல்ல பாரம். யூடியூப் போட்டுக் காட்டினான், அவன்ட வைபையில ஓடுது. இதுக்கு மேல ஒரு தையல்காரி என்னத்தப் பாக்கிற?

எங்கட வீட்டுக்காரர் வாசல்ல நிண்டுக்கிட்டு, "பாதி விலைக்குக் குடுக்கிறவன் பைத்தியமா" எண்டு ஒருதரம் சொன்னாரு. ஒரு தரம்தான் சொன்ன, ஆனா இண்டு வரைக்கும் ஒரு நாளைக்கு நாலு தரம் ஞாபகப்படுத்துறாரு, அது வேற கதை.

முதல் நாள் ஒண்டும் தெரியல்ல. சிம்மப் போட்டா டேட்டா வேலை செய்யல்ல, என்ட போன்ல இருந்து ஹொட்ஸ்பொட் போட்டுக் குடுத்தன், சரி பிறகு பாப்பம் எண்டு. சூம் கிளாஸ்ல சேர்ட வாய் அசைஞ்சு முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சத்தம் வருது, புள்ள நெட் பிழை எண்டு நினைச்சிது. மூண்டாம் நாள்தான் விசயம் வெளிச்சிது. பென்ட்ரைவ்ல இருந்த வீடியோ எல்லாத்தையும் டெப்புக்குள்ள ஏத்தினா, ஏறுது, நூறு வீதம் எண்டு காட்டுது, பேர் எல்லாம் வரிசையா இருக்கு. பென்ட்ரைவ சேரிட்டத் திருப்பிக் குடுத்தாச்சு. இரவு திறந்தா முதல் ஆறேழு வீடியோ ஓடுது, அதுக்குப் பிறகு உள்ளது கறுப்பு ஸ்கிரீன். அங்கால, கல்வி அமைச்சிட ஈ-தக்சலாவ தளத்தில இருந்து இறக்கி வச்ச பாடப்புத்தகம் பிடிஎஃப் கூட திறக்க மாட்டன் எண்டிட்டு. புள்ள அழுதே போட்டிது, "அம்மா நான் ஒண்டும் அமத்தல்ல" எண்டு. தான் பழுதாக்கிப் போட்டன் எண்டு நினைச்சி பயந்திட்டு. எனக்கு இப்பவும் காசு போனதவிட அதுதான் மனசில நிக்குது.

கடைக்குப் போனா ஹோல் பூட்டு. பேனர் கட்டின கயிறு மட்டும் தொங்குது. ஹோல்காரர் பாவம், "நாலு நாள் வாடைய கையில தந்திட்டுப் போயிட்டாங்க, எனக்கு வேற ஒண்டும் தெரியா" எண்டாரு. பில்லப் பாத்தா சீல்ல ஒரு பேர், ஒரு போன் நம்பர், அட்ரஸ் இல்ல. அந்த நம்பர் ஓஃப்.

பிறகு போன் திருத்துற தம்பி ஒருத்தனிட்டக் கொண்டு போனன். அவன் பெட்டியப் பாத்த உடனேயே சிரிச்சான், எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு, ஆனா நல்ல புள்ள, பொறுமையா எல்லாம் சொல்லித் தந்தான். அந்த செட்டிங்ஸ்ல வாற எழுத்த எப்படி வேணுமெண்டாலும் மாத்தி எழுதலாமாம் அக்கா, கடிதத்தில பேர் எழுதுற மாதிரி. கொஞ்சம் கீழ இறக்கி செக்கியூரிட்டி பட்ச், அதாவது கடைசியா வந்த பாதுகாப்பு அப்டேட்ட திகதி, எண்ட இடத்தக் காட்டினான், 2018 எண்டு கிடக்கு. ஆண்ட்ராய்டு 14 வந்ததே 2023லதானே, அப்ப 2018ல எப்படி எண்டான். திருடனுகள் மேல எழுத்த மாத்தி கீழ மாத்த மறந்திட்டானுகள். ஸ்டோரேஜ் உண்மையில 16ஜிபி, அதுலயும் பாதி சிஸ்டத்துக்குப் போயிடும், 512 எண்டு பொய் சொல்ல வச்சிருக்கிறதால நாம ஏத்திற நேரம் அது ஏத்திற மாதிரியே நடிக்கும், இடம் முடிஞ்ச பிறகு போறது எங்கயும் பதியாது, சிலநேரம் முதல் இருந்ததுக்கு மேலேயே எழுதி அதையும் கெடுத்துடும். அதுதான் புத்தகமும் போனது.

பின் மூடியக் கழட்டினான். அந்தக் காட்சிய நான் மறக்க மாட்டன். அவ்வளவு பெரிய 10 இஞ்சி டெப்புக்குள்ள பெட்டரி என்ட ரெண்டு விரல் அகலம், பக்கத்தில ஒரு இரும்புத் தகடு, பாரத்துக்காக ரெண்டு பக்க டேப் போட்டு ஒட்டிக் கிடக்கு. நல்ல பாரமா இருக்கு எண்டு நான் சந்தோசப்பட்டது அந்தத் தகட்டுக்குத்தான்.

சிம் விசயம் அதவிடப் பகிடி. 5ஜி எண்டு ஒட்டிக் கிடக்கிறதுக்குள்ள இருக்கிறது 3ஜிதானாம். அதோட *#06# அடிச்சி வாற ஐஎம்ஈஐ நம்பர், அதுதான் சிம் போடுற ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள தனி அடையாள இலக்கம், பெட்டியில இருக்கிற நம்பரே இல்ல. தம்பி என்ட போன்லயே ஐஎம்ஈஐ எண்டு இங்கிலிஸ்ல அடிச்சி ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னான், உடனே பதில் வந்திச்சு, பதிவு இல்ல எண்டு. 2025 ஜனவரி 28ல இருந்து புதுசா எடுக்கிற பதியாத சாமானுக்கு நெட்வேர்க் குடுக்க மாட்டம் எண்டு தொலைத்தொடர்பு ஆணைக்குழு அறிவிச்சதாம், எனக்கு இது அண்டைக்குத்தான் தெரியும். காசு குடுக்க முதல் அந்த எஸ்எம்எஸ் ஒண்ட அடிச்சிருந்தா, ஹோல் வாசல்லயே வெளிச்சிருக்கும். சிம் போடாத வைபை டெப் எண்டா இந்த நம்பர் இருக்காது, அதுக்கு ப்ளே ஸ்டோரத் திறந்து மேல உங்கட படத்த அமத்தி செட்டிங்ஸ், அபவுட் எண்டு போனா சர்டிஃபைட், அதாவது கூகிள் சரிபாத்த சாமான், எண்டு வருதா எண்டு பாக்கச் சொன்னான். எங்கடதுல இல்ல எண்டுதான் வந்திச்சு. இன்னொண்டு, ஒரு பென்ட்ரைவ்ல 20ஜிபி அளவில வீடியோ கொண்டு போய் கடையில வச்சே ஏத்தி, கடைசி வீடியோவத் திறந்து பாக்கணுமாம். அதுக்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும், நல்ல சாமான் விக்கிறவன் பொறுத்துக்கிட்டு நிப்பான்.

நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 அடிச்சன். மரியாதையாத்தான் கதைச்சாங்க, வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கணும், பில் கொப்பி வைக்கணும் எண்டாங்க. ஆனா யாருக்கு எதிரா எண்டு எழுத அட்ரஸ் வேணுமே. அட்ரஸ் இல்லாத பில்ல நான் ஏன் கையில வாங்கினன் எண்டு என்னையே ஏசிக்கிட்டு வந்தன். 17,900 எண்டா எத்தனை கலியாணச் சட்டை தைக்கணும் தெரியுமா, இரவு இரவா ஊக்குத் தச்சி.

சேர்ட டெப்ப அதுக்குள்ள வேற ஆள் எடுத்திட்டாங்க. டெப் இப்ப சாமி அறையில மணிக்கூடா நிக்குது, சார்ஜர்ல இருந்து கழட்டினா அரை மணித்தியாலத்தில அதுவும் செத்துப் போகும்.

இண்டைக்கு அந்த ஓட்டோவக் கண்டதும் பஸ்ஸால இறங்கி ஹோல் எங்க எண்டு விசாரிச்சிப் போய்ப் பாத்த நான். பேனர்ல பேர் வேற. மேசையில அதே பெட்டி, விலை இப்ப 15,900. நிண்ட பொடியனுகள் வேற ஆக்கள், *#06# அடிச்சிக் காட்டு தம்பி எண்டதும் "அக்கா எடுக்கிறதெண்டா எடுங்க, இல்லாட்டி வழிய விடுங்க" எண்டான். ஹோல், பேனர், ஓட்டோ நம்பர் எல்லாம் படம் எடுத்து வச்சிருக்கன். எனக்கு மூண்டு மாசம் முடிய இன்னும் நாள் கிடக்கு. களுவாஞ்சிகுடி, கல்லாறு, பாண்டிருப்புப் பக்கம் இதே டெப் எடுத்த ஆக்கள் இருந்தா பில்லத் தூக்கி எறியாதீங்க, இன்பொக்ஸ்ல வாங்க, ஒண்டாப் போய்க் குடுப்பம். நாளையண்டைக்கு வரைக்கும்தான் அவனுகள் அங்க நிப்பானுகள்.