கேரட்டா, காலை இழுப்பதா?

குதிரைக்கு நீட்டல் பயிற்சி கொடுக்க இரண்டு வழி உண்டு. கேரட்டைக் காட்டி, குதிரையே தலையை நெஞ்சுக்கோ இடுப்புப் பக்கமோ முன்னங்கால்களுக்கு நடுவிலோ கொண்டுபோக வைப்பது ஒன்று. நாம் காலைத் தூக்கி முன்னும் பின்னும் நீட்டிப் பிடிப்பது இன்னொன்று.

என் ஓட்டு கேரட்டுக்குத்தான். எவ்வளவு வளைவது என்று குதிரையே முடிவு செய்கிறது, அப்படியே சில நொடி நிற்க முதுகெலும்பை ஒட்டிய ஆழமான தசைகள் உழைத்தாக வேண்டும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலாரி கிளேட்டன் குழுவினர் 8 குதிரைகளை 3 மாதம் இந்தக் கேரட் பயிற்சியைச் செய்ய வைத்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஆழமான தசைகளில் ஒன்றான மல்டிஃபிடஸ் நன்றாகவே பருத்திருந்தது. குதிரை வெடுக்கென்று கேரட்டைக் கடித்து இழுத்தால் பயனில்லை, கேரட்டை மெதுவாகக் கொண்டுபோங்கள். வளையாமல் கால் மாற்றி நகர்ந்து ஏமாற்றும் குதிரையைச் சுவரோரம் நிறுத்துங்கள்.

காலை நீட்டுவதும் வேண்டாம் என்றில்லை. ஆனால் கொஞ்சம் நடக்கவிட்டு உடம்பு சூடான பிறகுதான் செய்ய வேண்டும், அதுவும் தாழ்வாகப் பிடித்து. குதிரை காலைத் திருப்பி இழுத்தால் உடனே விட்டுக்கொடுங்கள், மல்லுக்கட்டினால் தசை இன்னும் இறுகும். கற்றுக்கொள்ளாமல் இதைத் தொடாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ வலி இருக்கும் குதிரை என்றால், எந்த வழியானாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.