கணினி பேசட்டும், யாருடைய குரலில்?

பேச்சை இழந்தவருக்குப் பதிலாகக் கணினி பேசும் என்பது இன்று புதிய செய்தி இல்லை. எந்தக் குரலில் பேசுவது என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. வழிகள் மூன்று.

உடனே கிடைப்பது ஆயத்தக் குரல். தட்டச்சு செய்ததைப் போன் படித்துக் காட்டுமே, அதுதான். தசைகளை முடக்கும் நோயோடு வாழ்ந்து, 1985-இல் பேச்சை இழந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு அமைந்தது இந்த வகைதான். டென்னிஸ் கிளாட் என்ற ஆய்வாளர் தன் குரலையே அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பின்னாளில் இன்னும் இயல்பான குரல்கள் வந்தும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ளவில்லை. அதனால் ஆயத்தக் குரலை மட்டமாக நினைக்க வேண்டாம். பிறவியிலிருந்தே பேச்சு வராதவர்கள் பலருக்கு இதுதான் வழி. குறை என்னவென்றால், ஒரே அறையில் நான்கு பேர் ஒரே குரலில் பேச நேரலாம். ஒரு சிறுமி வளர்ந்த ஆணின் குரலில் பேசுவதைப் பார்த்தால் மனம் ஒப்பாது.

இரண்டாவது, குரல் சேமிப்பு. பேச்சு இருக்கும்போதே வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால், அந்தச் சாயலில் கணினி எதையும் பேசும். மாடல்டாக்கர் என்ற பழைய முறைக்குச் சுமார் 1,600 வாக்கியங்கள் தேவைப்பட்டன. 2023-இல் ஆப்பிள் தன் கருவிகளில் கொண்டுவந்த பர்சனல் வாய்ஸ் என்ற வசதி சுமார் 15 நிமிடப் பதிவோடு நின்றது. முன்கூட்டியே பதிவு செய்யாதவர்களுக்கும் சில சமயம் வழி உண்டு: புற்றுநோய் சிகிச்சையின்போது 2006-இல் பேச்சை இழந்த திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கு, அவர் டிவிடிகளில் பேசியிருந்த விளக்கவுரைகளிலிருந்து 2010-இல் குரல் உருவாக்கினார்கள். ஆனால் நாக்கு குழறத் தொடங்கியபின் பதிவு செய்தால் அந்தக் குழறலும் குரலில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, செய்தி சேமிப்பு. இதில் கணினி எதையும் உருவாக்குவதில்லை. பேச்சு இருக்கும்போது அவரே சொல்லிப் பதிவு செய்த சொற்களையும் வாக்கியங்களையும் அப்படியே ஒலிக்கும். "வாடா செல்லம்" என்று அழைக்கிற அந்த இழுவை, அந்தச் சிரிப்பு, எல்லாம் இருக்கும். புதிதாக ஒரு வாக்கியம் மட்டும் வராது.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், செய்திகளைத்தான் சொல்வேன். நல்ல தரத்தில் பதிவானவற்றைக் கொண்டு பிறகு குரலையும் உருவாக்க முடிகிறது. உருவாக்கிய குரலிலிருந்து அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுக்க முடியாது. நோய் இன்னதென்று தெரிந்த வாரமே தொடங்கிவிடுங்கள். அமைதியான அறையில், களைப்பு வருமுன், தினமும் கொஞ்சம். மூலப் பதிவுகளுக்குத் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம், நீங்கள் பேசும் மொழியில் குரலை உருவாக்கும் செயலி வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

குரல் முடிவானபின் வேகம் என்று ஒன்று இருக்கிறது. சாதாரணப் பேச்சில் நிமிடத்துக்கு 150 சொற்கள் வரை வரும். கருவியைக் கையால் இயக்கிய காலத்தில் ஹாக்கிங்குக்கு அது 15-தான். கன்னத் தசையை மட்டும் நம்பியிருந்த கடைசி ஆண்டுகளில் ஒரு சொல் அளவுக்கு இறங்கியது. ஆகவே விரலா, கண்ணசைவா, தலையா, எது களைப்பில்லாமல் இயங்குகிறது என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து பார்ப்பது குரலின் இனிமையைவிட முக்கியம்.

எந்தக் குரலானாலும் ஒரு வாக்கியத்தை ஒற்றைப் பொத்தானில் வையுங்கள்: "நான் கருவி மூலம் பேசுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்." இது இல்லாவிட்டால் போனில் எதிர்முனையில் இருப்பவர், விளம்பர அழைப்பு என்று வைத்துவிடுவார்.