அவர் பிறந்த வீடு எது? மூன்று ஆவணங்கள், ஓர் ஒப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கக் கிராமத்துப் பெண்ணின் வேர்களைத் தேடப் புறப்பட்டால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய கணவரின் பெயர்தான். திருமணத்தோடு குடும்பப் பெயர் மாறிவிடுவதால், பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடிப்பதே தேடலில் பாதி வேலை. அதற்கு முக்கியமாகக் கைகொடுப்பவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, போர் விதவைகளின் ஓய்வூதியக் கோப்பு, கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தின் நில, உயில் பதிவுகள் ஆகிய மூன்றும்.

கணக்கெடுப்பு எளிதில் கிடைக்கும். அதனாலேயே அளவுக்கு மீறி நம்பப்படுகிறது. 1840 வரை வீட்டுத்தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மகள்களும் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். 1850இல் அடிமையாக வைக்கப்படாத அனைவரின் பெயரும் ஏறியது என்றாலும், வீட்டுத்தலைவருக்கு என்ன உறவு என்பது 1880இல்தான் கேட்கப்பட்டது. ஆகவே 1860ஆம் ஆண்டுத் தாளில் கணவருக்கு அடுத்த வரியில் இருப்பவரே பிள்ளைகளைப் பெற்றவர் என்று முடிவுகட்டக் கூடாது. அவர் இரண்டாம் தாரமாகவோ, விதவையான அக்காவாகவோ இருக்கலாம். 1890ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தோடு போயிற்று. இதனால் 1875இல் பிறந்த ஒரு பெண், 1880இல் தகப்பன் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தையாகத் தெரிந்து, மறுபடி 1900இல்தான் வேறு பெயரோடு இன்னொருவரின் மனைவியாகத் தென்படுவார். அந்த 1900ஆம் ஆண்டுத் தாள், பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்று தாய்மாரைக் கேட்டது. அவ்விரண்டு எண்களின் இடைவெளியில்தான் வேறெங்கும் பெயர் எழுதப்படாத பல குழந்தைகள் இருக்கிறார்கள்.

என் மதிப்பீட்டில் மூன்றிலும் ஆழமானது ஓய்வூதியக் கோப்பு. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கூட்டாட்சி அரசின் பக்கம் நின்று இறந்த வடதரப்பு வீரரின் மனைவி தம் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாத இடங்களில் அண்டை வீட்டாரும் பிரசவம் பார்த்த பெண்ணும் சத்தியவாக்குமூலம் தந்தார்கள். சிலர் குடும்ப பைபிளில் பிறப்புகளை எழுதிவைத்த தாளையே கிழித்து அனுப்பினார்கள்; அத்தகைய தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக் கோப்புகளில் இன்றும் உள்ளன. கறுப்பின வீரர்களின் விதவைகளுக்கு இக்கோப்பின் அருமை இன்னும் அதிகம்; அடிமை நிலையில் நடந்த திருமணத்துக்குச் சட்டப் பதிவே இல்லாததால், உடன் வாழ்ந்தவர்களின் சாட்சியமே அங்கே ஆதாரமாயிற்று. ஆனால் அந்த அரசை எதிர்த்துப் போரிட்ட தென்தரப்பு வீரர்களின் விதவைகளுக்குக் கூட்டாட்சி அரசு 1958 வரை ஓய்வூதியம் தரவில்லை. அவர்களுக்கு மாநிலக் காப்பகங்களில்தான் தேட வேண்டும்.

கணவர் போருக்கே போகாத குடும்பங்களுக்கு நிலப் பதிவே கதி. பல மாநிலங்களில் கணவர் நிலம் விற்றபோது, மனைவியைத் தனியே அழைத்து, அவர் மனமொப்பித்தான் தம் உரிமையை விடுகிறாரா என்று அதிகாரி விசாரித்து எழுதினார். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறியிட்டார். இது அவருடைய பெயரை உறுதிசெய்யுமே தவிர, பிறந்த வீட்டைச் சொல்லாது. அதைச் சொல்வது தகப்பனின் உயிலும், அவர் இறந்தபின் மகள்களும் மருமகன்களும் சேர்ந்து பங்கை விற்ற பத்திரமுமே. கணவர் நிலம் வாங்கிய பத்திரங்களையும் விடாமல் பார்க்க வேண்டும்: வேறு குடும்பப் பெயருள்ள முதியவர் ஒருவர் பெயரளவு விலையாக ஒரே ஒரு டாலருக்கு நிலம் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் கணவரின் மாமனாரா, அதாவது மனைவியின் தகப்பனா என்பதைத்தான் நான் முதலில் சரிபார்ப்பேன்.