திருச்சி லேஓவர்: காந்தி மார்க்கெட்டா, தஞ்சாவூரா, கும்பகோணமா?

நான் விமானத்தில் கேபின் க்ரூ. ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், திருச்சி லேஓவர் (இரண்டு விமானங்களுக்கு நடுவே அந்த ஊரில் தங்கும் ஓய்வு) என்று வந்ததும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எங்கே போகலாம்? தஞ்சாவூர் போய்விட்டு வந்துவிடலாமா?" சீனியர்களில் பாதிப் பேர் தஞ்சாவூர் என்பார்கள். காபிப் பைத்தியம் பிடித்த ஓரிருவர் கும்பகோணம் என்பார்கள். நான் இந்த மூன்றுக்கும் போயிருக்கிறேன். இப்போதெல்லாம் திருச்சியை விட்டு வெளியே போவதில்லை. காந்தி மார்க்கெட், அங்கிருந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம், திருவானைக்காவல். அவ்வளவுதான் என் வட்டம். அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

இங்கே நான் பேசுவது சந்தைக்கும் சாப்பாட்டுக்கும்தான். கோயில் பார்க்க வேண்டும், சிற்பம் பார்க்க வேண்டும் என்றால் 1010இல் எழுந்த பெரிய கோயிலுக்குப் போட்டியே கிடையாது. அதில் வாதாட எனக்கு எதுவும் இல்லை.

தூரக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். விமான நிலையத்திலிருந்து காந்தி மார்க்கெட் ஆட்டோவில் போகும் தூரம். தஞ்சாவூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கும்பகோணம் அதற்கு மேல் இன்னும் 40. செலவும் அதே வரிசையில் ஏறும். கிலோமீட்டரையும் காசையும் வைத்து முடிவு செய்வதாக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. நான் பார்ப்பது வேறு ஒன்றை: இரண்டாவது தூக்கம்.

24 மணி நேர லேஓவரில் நமக்கு இரண்டு தூக்கம் வேண்டும். வந்து இறங்கியதும் ஒன்று, கிளம்புவதற்கு முன் ஒன்று. முதல் தூக்கம் தானாக வந்துவிடும், உடம்பு அசந்து போயிருக்கும். இரண்டாவதுதான் சிக்கல். சாயங்காலம் இறங்கி மறுநாள் இரவு கிளம்பும் பேட்டர்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால், அன்று இரவு விமானத்தில் நிற்கும்போது உடம்பு இருபது மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கும். அதுவும் அதிகாலை 2 முதல் 6 வரை, உடல் மிகவும் தளர்ந்து போகும் நேரம் என்று பணிநேர விதிகளே குறித்து வைத்திருக்கும் அந்த நேரத்தில். இந்திய விதிப்படி இரண்டு பணிகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம், அல்லது முந்தைய பணி எவ்வளவு நீண்டதோ அவ்வளவு, இதில் எது அதிகமோ அந்த அளவு ஓய்வு கொடுத்தாக வேண்டும். கம்பெனி கொடுத்துவிடும். அந்த நேரத்தில் நாம் தூங்கினோமா, டாக்ஸியில் உட்கார்ந்திருந்தோமா என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் விமானக் கதவை ஆர்ம் செய்யும் கை, அதாவது அவசரத்தில் திறந்தால் சறுக்குப்பாதை விரியும்படி தயார் செய்யும் கை, நம்முடையது. பயணிக்கு மூச்சுத் திணறினால் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தேடி ஓட வேண்டியதும் நாம்தான்.

அதனால் என் கணக்கு இப்படி: பிற்பகல் 1 மணிக்கு அறைத் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருக்க வேண்டும். குளியல், யூனிஃபார்ம் இஸ்திரி, வீட்டுக்கு ஒரு போன் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் ஹோட்டலுக்குள் 11 மணிக்காவது நுழைய வேண்டும். இந்த 11 மணிக்குள் எந்த ஊர் தன் சந்தையையும் சமையலையும் முழுதாகக் காட்டும்? இந்தக் கேள்விக்குத்தான் திருச்சி ஒன்றே சரியான பதில்.

காந்தி மார்க்கெட் இரவில் விழித்திருக்கும் சந்தை. மொத்த வியாபாரம் ராத்திரியில் தொடங்கி விடியும்வரை நடக்கும். லாரிகள் காய்கறி மூட்டைகளை இறக்குவதும், சில்லறைக் கடைக்காரர்கள் பேரம் பேசி ஏற்றிக்கொண்டு போவதும் நாம் கண் விழிக்கும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். 5.30 மணிக்குப் போய் நின்றால் அடங்கப்போகும் மொத்த வியாபாரத்தையும் தொடங்கப்போகும் சில்லறை வியாபாரத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். 1868இல் கோட்டை மார்க்கெட்டாகத் தொடங்கிய இடம். 1927இல் விரிவாக்கி காந்தியின் பெயரை வைத்தார்கள். வாசலருகே நிற்கும் மணிக்கூண்டு முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நினைவுச் சின்னம். கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பார்களோ, எனக்கு அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் உள்ளே போக மனம் வராது.

உள்ளே போனால் வாழையைப் பாருங்கள். டெல்டாவில் வாழைதான் ராஜா. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன் என்று ஊர்ப்பக்கம் பெயரளவில் கேள்விப்பட்டதெல்லாம் தாரோடு தொங்கும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் திருச்சியில் அமைந்தது சும்மா இல்லை. வெளிநாட்டு லேஓவர்களில் ஒரே மாதிரி மஞ்சள் பழத்தைத் தின்று சலித்தவர்கள் இங்கே ஒரு சீப்பு கற்பூரவள்ளி வாங்கி அறையில் வைத்துக்கொள்ளலாம். ஹோட்டலிலிருந்து நம்மை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் பிக்கப்புக்கு முன் இரண்டு பழம் போதும், வயிற்றுக்குத் தொல்லை இல்லை. இலைக்கட்டு, வெற்றிலைக் கவுளி, மஞ்சள்கொத்து, சின்ன வெங்காய மூட்டை என்று நடந்துகொண்டே போகலாம். வாங்குவது கொஞ்சம்தான் என்றாலும் கடைக்காரர்கள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "எந்த ஊரும்மா?" என்று கேட்டுவிட்டு ஒரு பழத்தைச் சேர்த்துப் போடுவார்கள். தரை ஈரமாகவும் சேறாகவும் இருக்கும், நல்ல செருப்பில் போகாதீர்கள். மூட்டை தூக்குகிறவர் "வழி வழி" என்று சொன்னால் உடனே ஒதுங்குங்கள். அவர் முதுகில் பாரம் இருக்கிறது, போட்டோ எடுத்துக்கொண்டு குறுக்கே நிற்கக் கூடாது.

இந்தச் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றும் பேச்சு நீண்ட நாளாகவே இருக்கிறது. கள்ளிக்குடியில் கட்டிய வளாகத்துக்கு வியாபாரிகள் போகவில்லை. இப்போது பஞ்சப்பூர் பக்கம் பேச்சு. நெரிசல் உண்மைதான், மாற்றுவது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் குறுகிய சந்துகளில் இப்படி ஒரு விடியற்காலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

6.30, 7 மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம். ஆட்டோ வேண்டாம் என்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து 1ஆம் நம்பர் பஸ், அடிக்கடி வரும். ஸ்ரீரங்கத்தில் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்தான் என் இலக்கு. எட்டரை, கொப்பு பக்கத்து ஊர்களிலிருந்து மல்லியும் சம்பங்கியும் வந்து இறங்கும். பூ எடை போடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். யூனிஃபார்மில் நமக்குப் பூ வைக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, லீவு நேரத்தில் தலை நிறையப் பூவோடு அந்த வீதிகளில் நடப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் சாப்பாடு. திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை, ஊரே சொல்லிவிட்டது. நான் சேர்த்துச் சொல்வது ஒன்றுதான்: அதைக் காலை 8 மணிக்குச் சாப்பிடுங்கள், கிளம்பும் நாளில் சாயங்காலம் வேண்டாம். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். வயிற்றிலுள்ள காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு வரை விரிந்துவிடும். சுண்டல், மொச்சை, சோடா, எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் தரையில் சாதுவாக இருந்துவிட்டு மேலே போனதும் வேலையைக் காட்டும். ஊரின் சிறந்த சாப்பாடு காலையிலேயே கிடைத்துவிடுவது திருச்சியின் பெரிய வசதி. நெய் தோசைக்கும் விமானத்துக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கிறது. தூங்கி எழுந்ததும் ஹோட்டலில் இரண்டு இட்லி அல்லது தயிர்சாதம் போதும். மெயின்கார்டு கேட் மைக்கேல் ஐஸ்கிரீமுக்கு மட்டும் இந்தக் கணக்கில் இடமில்லை. அதற்கு இன்னொரு மாலை வேண்டும்.

அசைவத்தைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. வேலைக்குப் போகும் நாளில் வெளியே மீனோ கறியோ சாப்பிடுவதில்லை என்று நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. காக்பிட்டில் இரண்டு பைலட்டுகளுக்கும் வேறு வேறு சாப்பாடு கொடுக்கும் வழக்கம், ஒன்று கெட்டுப்போயிருந்தாலும் இன்னொருவர் தப்பட்டும் என்றுதான் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

தஞ்சாவூருக்கு வருவோம். "காலை 6 மணிக்கே கிளம்பினால் 11 மணிக்குத் திரும்பிவிடலாமே" என்பார்கள். முடியும். அரியமங்கலம், திருவெறும்பூர் நெரிசலில் காலையில் சிக்காமல் போய்விடலாம். பெரிய கோயிலை இளவெயிலில் பார்ப்பதைவிட நல்ல நேரம் வேறு இல்லை. ஆனால் கடை? தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, ஓவியம் விற்கும் கடைகள் திறக்க 10 மணி ஆகும். அதுவரை காத்திருந்து, ஒரு மணி நேரம் பார்த்து, வாங்கி, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு கிளம்பினால் திருச்சிக்குள் நுழைய 2, 2.30. பால்பண்ணைச் சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றால் அதற்கும் மேல். அப்போது இரண்டாவது தூக்கம் போய்விட்டது. வழியில் டயர் பஞ்சரானால் பிக்கப்பே கேள்விக்குறி. தஞ்சாவூர் போனால் திருவையாறு அசோகாவைச் சாப்பிடாமல் வரலாமா என்று வண்டியில் யாராவது ஒருவர் கேட்பார். அது இன்னும் 13 கிலோமீட்டர் வடக்கே. பாசிப்பருப்பில் செய்த அந்த அசோகாவுக்காகப் போகலாம்தான், எனக்கும் ஆசைதான். அந்த ஆசைக்கு ஒரு முழு நாள் வேண்டும். கடை திறக்கும் நேரமும் நாம் விழித்திருக்கும் நேரமும் ஒத்துப்போகாததுதான் தஞ்சாவூரின் சிக்கல், ஊரில் ஒரு குறையும் இல்லை.

கும்பகோணத்தைப் பற்றி எனக்கு அனுபவம் கொஞ்சம்தான், நீண்ட லேஓவர் ஒன்று அமைந்தபோது போனதோடு சரி. அதனால் இதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரக்கடைத் தெருக்களில் பித்தளை டபரா செட் வாங்குவது, 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கொழுந்து வெற்றிலை, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா, டிகிரி காபி. சாப்பாட்டு ருசியில் மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் மூன்றில் கும்பகோணத்துக்குத்தான் முதலிடம் கொடுப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஊர் டிபன் காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம். இரண்டையும் பிடிக்க அங்கேயே ராத்தங்க வேண்டும். பித்தளையும் கனம், நம் பெட்டிக்கு ஒரு டபரா செட்டுக்கு மேல் தாங்காது. 36 மணி நேரத்துக்குக் குறைந்த லேஓவரில் அதைத் தொடாதீர்கள். வெளியூரில் தங்குவதாக இருந்தால் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், பணி மாறினால் அவர்கள் உங்களைத் தேட வேண்டியிருக்கும்.

வாங்கிக்கொண்டு போவதற்குத் திருச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மணப்பாறை முறுக்கு. எடை இல்லை, கசியாது, வாசனை பெட்டியைக் கெடுக்காது. உடையாமல் இருக்க மட்டும் டிபன் டப்பாவில் வையுங்கள். தலையாட்டி பொம்மைதான் வேண்டும் என்றால் திருச்சிக் கடைகளிலேயே தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

48 மணி நேரம் கிடைத்தால் என் பதில் மாறும். முதல் நாள் காலை திருச்சி, மதியத்துக்கு மேல் தஞ்சாவூர், இரவு அங்கேயே தங்கி மறுநாள் காலை கடைகளை முடித்துக்கொண்டு வரலாம். நடுவே ஒரு முழு இரவுத் தூக்கம் இருப்பதால் யாருக்கும் பாதகமில்லை. 14 மணி நேரத்துக்குள் லேஓவர் என்றால் எதுவுமே வேண்டாம். ஹோட்டலுக்கு அருகிலேயே ஒரு நல்ல காபி குடித்துவிட்டுப் போய்ப் படுங்கள். காந்தி மார்க்கெட்டை அடுத்த ரோஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்.