ஒரு கடலோரக் கல்லூரியின் மின்தொகுப்பு: வகுப்பறையில் பயன்படுத்திய அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள கல்லூரி ஒன்று, தன் ஆசிரியர்கள் எழுதிய பாடக் குறிப்புகளையும், மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த வாய்மொழி வரலாறுகளையும் ஒரே இணையத் தொகுப்பாக வைத்திருக்கிறது. கடலோர ஊர் ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்தும் நான், பல கல்வியாண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருகிறேன். கல்லூரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறைகளையும் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தொகுப்பு முழுவதையும் கவனித்துக்கொள்பவரோ, மற்ற வேலைகளுக்கிடையே இதையும் பார்க்கும் ஒரே ஒரு நூலகர்.

முதலில் பாடப்பொருள்கள். எண்ணிக்கையில் இவையே பெரும்பகுதி. பயனில் அப்படிச் சொல்ல முடியாது. வகுப்பில் பேசுவதற்காகத் தயாரித்த பவர்பாயிண்ட் கோப்புகள், பேசியவர் இல்லாதபோது வெறும் தலைப்பு வரிசையாக நிற்கின்றன. பழைய வினாத்தாள்களைத் தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விலக்காக நிற்பவை வரைபடங்கள். அவற்றில் ஒன்று 1964 புயலுக்கு முந்தைய ரயில் தடத்தைக் காட்டுகிறது. அப்போது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றதே முதன்மைத் தடம். ராமேஸ்வரத்துக்குப் போனது கிளை. எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் ராமேஸ்வரத்தைத் தொடாமலே தனுஷ்கோடி இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார் என்பதை, ராமேஸ்வரத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுவதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வாயால் எத்தனை முறை விளக்கினாலும் மண்டையில் ஏறாது. அந்த ஒரு தாளைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டிய பிறகு விளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

பாடக் குறிப்புகளில் இன்னொரு தொல்லை எழுத்துரு. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யுனிகோடையும் டேஸ் 16 முறையையும் கணினித் தமிழுக்கான எழுத்துக் குறியீட்டுத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் தட்டச்சு செய்பவர்களின் கைப்பழக்கம் அரசாணையோடு மாறிவிடவில்லை. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் பிடிஎஃப் வடிவில் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும், தேடுபொறிக்கு அவற்றின் உள்ளே இருப்பது தமிழே அல்ல. வேர்ட் கோப்பாக இருந்தால் கைபேசியில் திறந்ததும் குப்பை எழுத்தாக விரிகிறது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஊர்ப்பெயர்களை ‘இ’ சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் தேட வேண்டும். இராமநாதபுரத்தில் கிடைப்பது ராமநாதபுரத்தில் கிடைக்காது. பட்டியலில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்றே முன்பு குறித்திருந்தார்கள். பதிவில் பேசுகிறவர்களோ வடகடல், தென்கடல் என்கிறார்கள். இப்போது இரண்டு வகைப் பெயர்களையும் நூலகர் சேர்த்து வருகிறார். தொகுப்பில் சத்தமில்லாமல் நடந்த நல்ல திருத்தங்களில் அதுவும் ஒன்று.

நான் இந்தத் தொகுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வாய்மொழிப் பதிவுகளுக்காக. தனுஷ்கோடிப் புயல், மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் குடும்ப நினைவுகள், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்களின் அனுபவங்கள், கீழக்கரைப் பக்கத்துச் சங்கு குளிப்பு, தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் பெண்களின் வேலை என்று பொருள்கள் விரிகின்றன. அக்கரைப் பக்கத்தை மட்டும் இதில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு நான் போவது, 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற இணையதளத்துக்கு. ஒரே பாடத்தில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும்போது, ஒப்பந்தம் என்பது பாடநூலில் இந்தியா ஏற்க வேண்டியவர்கள் 5,25,000 என்றும் இலங்கை ஏற்க வேண்டியவர்கள் 3,00,000 என்றும் வரும் எண்களாக மட்டும் நிற்பதில்லை.

தொடக்கத்தில் இந்தப் பதிவுகள் வகுப்புக்குக் கொண்டுபோகும் நிலையில் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். தலைப்பு, பேசியவரின் ஊர், பதிவு செய்த நாள் ஆகியவற்றைத் தவிர வேறு தகவல் இராது. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் எனக்கு வேண்டியது மூன்று நிமிடத் துண்டு. அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பிறகு யாரோ ஒருவர், அநேகமாக மாணவர் குழு ஒன்று, ஒவ்வொரு பதிவுக்கும் நிமிடக் குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். எத்தனையாவது நிமிடத்தில் எந்தப் பேச்சு, எங்கே அழுகை, எங்கே காற்று இரைச்சலில் குரல் மறைகிறது என்பதுவரை எளிய தமிழில் இரண்டு பக்கம். தளத்தின் தோற்றத்தை இருமுறை மாற்றினார்கள். அதனால் எனக்கு ஒரு பயனும் இல்லை. இந்த இரண்டு பக்கக் குறிப்பு தொகுப்பையே வேறாக்கிவிட்டது. நிமிடக் குறிப்பு இல்லாத பதிவை நான் இன்றும் வகுப்புக்கு எடுத்துச் செல்வதில்லை.

பாசி எடுக்கும் பெண் ஒருவரின் பதிவை எடுத்துக்கொள்ளலாம். விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொள்வதையும், பாறை கிழிக்காமல் இருக்கக் காலில் செருப்பை வரிந்து கட்டுவதையும், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று தாங்களே கணக்கு வைத்துக்கொண்டு மற்ற நாள்களில் இறங்காமல் இருப்பதையும் அவர் நிதானமாகச் சொல்கிறார். மரிக்கொழுந்துப் பாசியை வேரோடு பிடுங்காமல் எடுப்பது எப்படி என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. செய்து காட்டுகிறார் போலும். உடனே பதிவு செய்யும் மாணவி, “அம்மா ரெண்டு வெரல வச்சு நுனிய மட்டும் கிள்ளிக் காட்டுறாங்க” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவைக்கிறார். ஒலிப்பதிவில் கை தெரியாது என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனதையும், பரம்பரையாகப் பாசி எடுத்த இடங்களே தடை செய்யப்பட்ட பகுதிகள் ஆனதையும் நடத்தும்போது, சட்டத்துக்கு முன்பாக இந்தக் கையை முதலில் கேட்க வைக்கிறேன்.

எழுத்துப்படிகளில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. பல பதிவுகளுக்கு முழுப் பேச்சையும் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறார்கள். ஆனால் படிப்பதற்கு ஓட்டமாக இருக்கட்டும் என்று கேள்விகளை எடுத்துவிட்டு, பதில்களை மட்டும் ஒரே கதையாகக் கோத்திருக்கிறார்கள். புயலில் தப்பிய மூதாட்டி ஒருவரின் எழுத்துப்படி, அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று அவர் தாமாகவே குமுறுவதைப் போலத் தொடங்குகிறது. ஒலியைக் கேட்டால் கதை வேறு. “கவர்மெண்டு ஒங்களுக்கு ஒண்ணுமே செய்யலையா பாட்டி?” என்று மாணவர் எடுத்துக் கொடுக்கிறார், “என்னத்தச் செஞ்சாக” என்று அவர் அலுப்போடு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறார். யாரும் கேட்காமலே வெகுநேரம் கழித்து, மண்டபத்தில் அரிசியும் சேலையும் கொடுத்ததை நினைவுகூர்ந்து, சேலையின் நிறத்தைக்கூடச் சொல்கிறார். எழுத்துப்படியை மட்டும் நம்பி ஆய்வேடு எழுதுபவர், மாணவரின் கேள்வியை மூதாட்டியின் கருத்தாக மேற்கோள் காட்டிவிடுவார். கேள்விகளைத் திரும்பச் சேர்க்குமாறு எழுதிக் கேட்டேன். புதிய எழுத்துப்படிகளில் சேர்த்திருக்கிறார்கள், பழையவை அப்படியே கிடக்கின்றன.

அதே புயலைப் பற்றிய இன்னொரு பதிவு என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடியை எட்டும் முன்பே அலையில் அடித்துச் செல்லப்பட்டது. பயணிகள் நூற்றுச் சொச்சம் என்பது பெரும்பாலும் சொல்லப்படும் கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறை நெருங்கும் என்பது ஊர்ப் பேச்சு. அப்போது சிறுவனாக இருந்த முதியவரிடம் எத்தனை பேர் என்று பதிவில் கேட்கிறார்கள். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. தன் தெருவிலிருந்து அன்றைக்கு வெளியூர் போயிருந்தவர்களை வீடு வீடாக, உறவுமுறையோடு வரிசைப்படுத்திக்கொண்டே போகிறார். இடையில் ஒரு வீட்டை விட்டுவிட்டதாகத் திரும்பி வந்து சேர்க்கிறார். எது சரியான எண் என்று தீர்ப்புச் சொல்லுமாறு நான் மாணவர்களிடம் கேட்பதில்லை. ரயில்வேயின் கணக்கு எதைக் கொண்டு எடுக்கப்பட்டிருக்கும், இவருடைய கணக்கு எதைக் கொண்டு எடுக்கப்பட்டது என்று எழுதச் சொல்கிறேன். அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்ததைப் பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட, இந்தக் கேள்விக்கு வரும்போது பேனாவை வைத்துவிட்டு யோசிக்கிறார்கள்.

கோப்பின் அளவைப் பற்றி ஒரு சொல். மூலப் பதிவு, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் டபிள்யூஏவி வடிவில் இருக்கிறது. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு நிமிடத்துக்குப் பத்து எம்பி என்றால், ஒரு மணி நேரப் பதிவு 600 எம்பியைத் தொடும். எம்பி3 வடிவில் அதுவே சுமார் 60 எம்பி. கடலோரத்தில் சிக்னல் இருக்கிற இருப்புக்கு இரண்டாவதுதான் ஆகும். மூலத்தைத் தொகுப்பு பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

இணைப்பு முகவரிகள் தந்த தொல்லை வேறு வகை. பயிற்சித் தாள்களில் க்யூஆர் குறியீடு அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். கல்லூரி மென்பொருளை மாற்றியபோது முகவரிகள் அத்தனையும் மாறி, அச்சிட்ட தாள்கள் எல்லாம் வீணாயின. நிலையான அடையாள எண் தரும் ஏற்பாடு இத்தகைய மென்பொருள்களிலேயே இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே செயல்படுத்தியிருக்க வேண்டும். இப்போது தாளில் பதிவின் பட்டியல் எண்ணையும் நிமிடத்தையும் மட்டும் அச்சிடுகிறேன். முகவரி எங்கே போனாலும் எண்ணை வைத்துத் தேடிக்கொள்ளலாம்.

ஒரு முறை, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுத் திரும்பிய மீனவர் ஒருவரின் பதிவு, பாடத்துக்கு முந்தைய வாரம் காணாமல் போனது. விசாரித்ததில், குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. எடுத்தது முற்றிலும் சரி. வழக்கும் பிழைப்பும் சம்பந்தப்பட்ட பேச்சு ஊரெல்லாம் ஒலிக்க வேண்டியதில்லை. ஆனால் இருந்த இடத்தில், பதிவு விலக்கிக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி இருந்திருக்கலாம். வெற்றுப் பக்கத்தைப் பார்ப்பவருக்குத் தொகுப்பு பழுதானதா, பதிவு நீக்கப்பட்டதா என்று எப்படித் தெரியும்?

இதே காரணத்தால் ஒப்புதல் படிவத்தில் கல்லூரி இப்போது கறாராக இருக்கிறது. என் மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்த பதிவுகளையும் ஏற்றுக்கொள்கிறார்கள், படிவம் இருந்தால். பத்திர நடையில் எழுதிய அந்தப் படிவத்தைப் பார்த்த ஒரு பாட்டி, “கைநாட்டு வச்சா வீடு போயிரும்டா” என்று பேரனை விரட்டிவிட்டார். அவர் பயத்திலும் பிழையில்லை. பதிவின் தொடக்கத்திலேயே, யார் கேட்கலாம், எதை வெளியிடக் கூடாது என்று வாயால் கேட்டு வாயால் ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்யும் முறையை நூலகர் ஏற்றுக்கொண்ட பிறகு அந்தப் பாட்டி நன்றாகவே பேசினார்.

தொகுப்பில் யார் இல்லை என்பதைக் கவனிக்க எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பெண்களும் முதியவர்களும் நிறைய. விசைப்படகில் தொழிலுக்குப் போகும் நடுவயது ஆண்கள் அரிது. காரணம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. மாணவர்கள் பதிவுக்குப் போவது வார நாள் பகலில். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலில் இருக்கும். கரையில் இருக்கும் நாள்களில் அவர்கள் தூங்கவும் வலை பார்க்கவும் வேண்டும். அவர்கள் தொடர்ச்சியாகக் கரையில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில். அப்போது கல்லூரியில் தேர்வும் விடுமுறையும் வந்துவிடுகின்றன. எனவே இந்தத் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு கடலோர வாழ்க்கையைப் பற்றி முடிவு சொல்பவர், கடலுக்குப் போகிறவரைக் கேட்காமலே சொல்கிறார். கோடை விடுமுறையில் ஊரிலேயே இருக்கும் எங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு தடைக்காலப் பதிவுகளை எடுத்துத் தருகிறோம், நிமிடக் குறிப்பும் கேள்விகளும் சேர்ந்தே இருக்கும் என்று நூலகரிடம் கேட்டிருக்கிறேன். ஒலிப்பதிவுக் கருவி இரண்டை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்லூரி நிர்வாகத்தின் அனுமதி இன்னும் வரவில்லை.