நர்சம்மா சேவை: ஊசிக்கு முழு மார்க், சொல்லிக்கொடுப்பதற்கு எவ்வளவு?

தமிழ்நாட்டில் 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு நர்சம்மா, ஆபீசுக்கு வி.எச்.என். கட்டணம் இல்லை, தேவைப்பட்டால் வீட்டுக்கே வருவார். இந்தச் சேவையை இங்கே ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறோம்: அவர் சொல்லிக்கொடுப்பது வீட்டில் நடக்கிறதா? ஊசி போட ஒரு நிமிடம் ஆகாது. காய்ச்சல் மருந்தை எத்தனை மில்லி கொடுப்பது, சத்து மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது, ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்கான உப்புக் கரைசல் பொடி) பாக்கெட்டை எதில் கரைப்பது எல்லாம் நர்சம்மா கிளம்பிப் போன பிறகு நடக்கும் காரியங்கள். பலன் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். புதன்கிழமை தடுப்பூசி இந்தச் சேவையிலேயே நேர்த்தியான பகுதி. மருந்துப் பெட்டியில் நான்கு ஐஸ் பேக், 2 முதல் 8 டிகிரி, ஊசிமுனையை வெட்ட கட்டர், திறந்த குப்பியில் திறந்த நேரம் என்று வேலை ஒழுங்காக நடக்கிறது. சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது; இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் அதைவிடக் கறுத்துவிட்டாலோ போடக்கூடாது. காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் நர்சம்மாவைக் காண்பது அபூர்வம்.

ஒரு குறை உண்டு. பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), தட்டம்மை-ரூபெல்லா குப்பிகளைக் கலக்கிய 4 மணி நேரத்தில் தூக்கி எறிந்துவிட வேண்டும். வீணாகிறதே என்று "இன்னும் நாலு பிள்ளை சேரட்டும், அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள் சில இடங்களில். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே வழிகாட்டுதல். மெதுவாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும்.

ஊசி போட்டதும் தாயிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும் என்று பயிற்சியிலேயே இருக்கிறது: ஒன்று, இன்று போட்டது என்ன ஊசி, எந்த நோய்க்கு; இரண்டு, என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; மூன்று, அடுத்த ஊசி எப்போது, எங்கே; நான்கு, அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டு வருவது. கூடவே அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகமானால் மூன்றாவது மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது, ஏனென்றால் அது அட்டையில் எழுத வேண்டியது. அதிகம் அடிபடுவது இரண்டாவது. "காய்ச்சல் வரும், மருந்து கொடுங்க" என்பதோடு முடிந்துவிடும்.

ஆபத்து இருப்பது அங்கேதான். பாராசிட்டமால் சிரப் சாதாரணமாக 5 மில்லிக்கு 125 மி.கி. கடையில் விற்கும் டிராப்ஸ் 1 மில்லிக்கு 100 மி.கி., அதாவது நான்கு மடங்கு. 5 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு சுமார் 60 மி.கி. போதும்: சிரப்பில் 2.5 மில்லி, டிராப்சில் 0.6 மில்லி. "இரண்டரை மில்லி" என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போனவர் மெடிக்கலில் டிராப்ஸ் வாங்கினால், கொடுப்பது நான்கு வேளை மருந்து. இதைத் தவிர்க்க பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, மூடியில் அளவுக் கோட்டைக் காட்டி, "வீட்டில் என்ன மருந்து இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நல்ல நர்சம்மா கேட்கிறார். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவக்கூடாது, தேய்க்கக்கூடாது என்பதையும், பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரம் கழித்துப் புண்ணாகித் தழும்பாவது இயல்பு என்பதையும் சொல்கிறார். சொல்லாவிட்டால் அந்தப் புண்ணுக்குக் களிம்பு வாங்கத் தொடங்குவார்கள்.

கர்ப்பிணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் மார்க் குறைகிறது. பரிசோதனையில் குறை சொல்ல முடியாது: எடை, பிரஷர், எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு), சிறுநீர், வயிற்றின் உயரம், குழந்தையின் இதயத்துடிப்பு எல்லாம் பார்த்து அட்டையில் ஏறிவிடுகிறது. 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்குவதிலும் வேகம்தான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பர் வேண்டுமே! ஆனால் இரும்புச்சத்து மாத்திரை?

ஒரு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று என 180. பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180. எச்.பி. 11-க்குக் கீழே போனால் தினம் இரண்டு. 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரி. இதெல்லாம் ரெஜிஸ்டரில் சரியாக இருக்கும். ரெஜிஸ்டர் கணக்கு கொடுத்த மாத்திரைக்கு. விழுங்கிய மாத்திரைக்குக் கணக்கு எங்கேயும் இல்லை. அட்டை அட்டையாக மாத்திரை பீரோவில் கிடக்க, எச்.பி. மட்டும் 9-லேயே நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால் பதில்கள் சில சொற்களில் அடங்கும்: குமட்டல், மலச்சிக்கல், "கறுப்பாப் போகுது". கறுப்பாகப் போவது உடம்பில் சேராமல் மிஞ்சும் இரும்பால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் அதற்குள் நிறுத்தியிருப்பார்கள். குமட்டுகிறவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். காபி, டீயோடு போடக்கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

இதில் கால்சியம் மாத்திரையும் வந்து குழப்புகிறது. தினம் இரண்டு வேளை 500 மி.கி. அதையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சேராது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். "தள்ளித் தள்ளிப் போடுங்க" என்று சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. காலை இட்லி சாப்பிட்டதும் ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், ராத்திரி சாப்பிட்ட பிறகு இரும்பு என்று வேளையோடு கட்டிக் கொடுத்தால் நினைவிருக்கும். அடுத்த முறை வரும்போது காலி மாத்திரை அட்டையைக் கொண்டு வரச் சொல்லி எண்ணிப் பார்க்கிற நர்சம்மா இருக்கும் நிலையங்களில் எச்.பி. ஏறுகிறது. கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.

கர்ப்பகால சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140-ஐத் தொட்டால் சர்க்கரை இருப்பதாகக் கணக்கு. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். கெடுவது நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில்: எங்கே போகக்கூடாது, என்ன சாப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லாததால் வாசல் கடையில் ஒரு வடை, ஒரு டீ. முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். சர்க்கரை இருந்தால் வரும் அறிவுரை "சோத்தைக் குறைங்க". எவ்வளவு சோறு, எந்தக் கரண்டியால்? அளவு சொல்லாத உணவு அறிவுரைக்கு மார்க் போட வழியில்லை.

இனி வயிற்றுப்போக்கு. நர்சம்மா செய்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும், வாயால் சொன்னால் கட்டாயம் தப்பாகும். நர்சம்மா தரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். வீட்டில் நடப்பது என்ன? ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கொட்டிக்கொண்டு மீதியை மடித்து வைக்கிறார்கள். உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல், குறைந்தால் பலன் இல்லை. தண்ணீரை முன்பே கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளலாம். கரைத்த பிறகு சூடாக்கக்கூடாது. 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. வீட்டில் இருக்கும் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து வரச் சொல்லி, தாயையே கரைக்க வைத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. துத்தநாக மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம்வரை 10 மி.கி., 14 நாள். போக்கு மூன்றாம் நாளே நின்றுவிடும், மாத்திரையும் அன்றோடு நின்றுவிடும். மறுபடி வராமல் இருக்கத்தான் மீதி நாட்கள் என்று காரணம் சொன்னால் தொடர்வார்கள்.

பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வருவதற்குத் தாராளமாக மார்க் போடலாம். மூன்றாம் நாள், ஏழாம் நாள், 42-ஆம் நாள் என வரும் இந்தச் சந்திப்புகளில் நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். குழந்தை வாயை அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பைத் தொடுகிறதா, காம்பைச் சுற்றிய கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகத் தெரிகிறதா என்று பார்த்துத் திருத்துவதை எந்த வீடியோவும் செய்யாது. "பால் பத்தலை" என்ற புகாருக்கு நல்ல பதில், முதல் வாரம் கடந்ததும் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று எண்ணச் சொல்வது. இந்த இடத்தில் கைதேர்ந்தவர்கள் தாயோடு நிறுத்துவதில்லை, மாமியாரையும் கூட உட்கார வைத்துக்கொள்கிறார்கள். சீம்பாலைக் கொட்டுவதா, சர்க்கரைத் தண்ணீர் வைப்பதா, தொப்புளில் எதையாவது தடவுவதா என்ற முடிவெல்லாம் எடுப்பது அவர்தானே.

ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது "பருப்புத் தண்ணி கொடுங்க" என்ற பழைய வாசகம் இன்னும் சில வாய்களில் இருக்கிறது. தண்ணீரில் சத்து இல்லை. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத கெட்டியில், இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, ஒன்பதாம் மாதத்தில் அரைக் கிண்ணம் வரை போக வேண்டும்.

குடும்பநலத்தில், அதாவது கருத்தடையில், காப்பர் டி, மூன்று மாத ஊசி இரண்டும் நன்றாகவே விளக்கப்படுகின்றன. சாயா என்ற கருத்தடை மாத்திரையில் மட்டும் கவனம்: முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகுதான் வாரம் ஒன்று. ஆரம்பத்திலேயே வாரம் ஒன்றாகப் போட்டுவிட்டு, கர்ப்பமானதும் மாத்திரை மேல் பழி.

சொல்லிக்கொடுப்பது ஏன் இப்படிப் பாதியில் நிற்கிறது? நேரம்தான் முதல் காரணம். பிக்மி, யு-வின் (தடுப்பூசிப் பதிவுத் தளம்), கையெழுத்து ரெஜிஸ்டர்கள் என ஒரே குழந்தையை மூன்று இடத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலையை நர்சம்மா தலையில் ஏற்றாமல் தன்னார்வலர்களிடம் கொடுத்தது நல்ல ஏற்பாடு.

இரண்டாவது காரணம் மேற்பார்வை. நர்சம்மாவுக்கு மேல் பகுதி சுகாதார செவிலியர், வட்டார அளவில் சமுதாய சுகாதார செவிலியர், மாவட்டத்தில் தாய் சேய் நல அலுவலர் என்று வரிசை இருக்கிறது. நர்சம்மாக்களுக்குக் கற்றுக்கொடுப்பது சமுதாய சுகாதார செவிலியரின் வேலையிலேயே உண்டு. ஆய்வுக்கு வந்தால் அவர் பெரும்பாலும் ரெஜிஸ்டரைத்தான் புரட்டுகிறார். வாசலில் நிற்கும் ஒரு தாயைக் கூப்பிட்டு "மாத்திரையை எப்போ போடுவீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்டால் ஐந்து ரெஜிஸ்டர் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம்.

ஐந்துக்குப் போட்டால் தடுப்பூசிக்கு நாலரை, வீட்டுச் சந்திப்புக்கு நாலு, கர்ப்பிணிகளுக்கான அறிவுரைக்கு இரண்டரை.

பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் பெண்கள்தான் இந்த ஏற்பாட்டில் நழுவிவிடுகிறார்கள். புகுந்த ஊர் நர்சம்மா கணக்கில் இருப்பார்கள், பிறந்த ஊர் நர்சம்மாவுக்குத் தெரியாது. முகவீக்கம், கடும் தலைவலி, கண் மங்கல், குழந்தை அசைவு குறைவது எல்லாம் தலைகாட்டுவது பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான். அப்படி ஏதாவது தெரிந்தால் யாருக்கும் காத்திராமல் 108. கிளம்புவதற்கு முன் இங்கே சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்த வாரமே அட்டையோடும் பிக்மி நம்பரோடும் அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். நர்சம்மா இல்லையென்றால் கதவில் எழுதியிருக்கும் செல் நம்பருக்குக் கூப்பிட்டால் போதும்.