மருத்துவமனை ஊழியர்களுக்கான வன்முறைத் தடுப்புப் பயிற்சி: மதிய அமர்வுக்காகப் போகலாம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காஷுவாலிட்டியில் நர்ஸாக இருக்கிறேன். தகராறு கைகலப்பாக மாறுவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுகொள்வது என்று எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்தியது வெளியூர் நிறுவனம், பெயர் வேண்டாம்.

காலை அமர்வு வீண். ஸ்லைடு முழுக்க அமெரிக்க அலுவலகங்கள், வேலை போனவர் துப்பாக்கியோடு திரும்பி வரும் கதைகள். எங்களுக்கு அடி விழுவது நோயாளியோடு வரும் கூட்டத்திடமிருந்து. மருத்துவமனை ஊழியரைத் தாக்கினால் எளிதில் ஜாமீனில் வர முடியாதபடி தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை ஒரே வரியில் தாண்டிப் போனார்கள். புகார் கொடுப்பது யார், நாங்களா நிர்வாகமா என்று கேட்டோம், மழுப்பினார்கள்.

மதியம் வந்தவர் முன்னாள் நர்ஸ். ஆஸ்திரேலியாவில் அவசரப் பிரிவை வைத்துச் செய்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று ஐந்து அறிகுறிகளைச் சொல்கிறது: முறைப்பது, குரல் மாறுவது, பதற்றம், முணுமுணுப்பு, குறுக்கும் நெடுக்கும் நடப்பது. அதை அந்த அம்மா நடித்தே காட்டினார். "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" முதல் தடவை அது வெறும் கேள்வி. மூன்றாம் தடவை, "வருவாரா, மாட்டாரா?" கண் நம் முகத்திலிருந்து ஐடி கார்டுக்கு இறங்கி, பெயரை நிதானமாகப் படிக்கிறது. வகுப்பில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

நம் ஊருக்கென்று ஆறாவதாக ஒன்றையும் சேர்த்தார். கத்திக்கொண்டிருந்த ஆள் சட்டென்று அடங்கி, வாசலுக்குப் போய் போனை எடுப்பது. "கிளம்பி வாங்கடா" என்று காதில் விழுந்த உடனே செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிட வேண்டும். பைக்குகள் வந்து நின்ற பிறகு கூப்பிட்டுப் பயனில்லை.

அப்புறம் நிற்கும் முறை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாமல், கதவு நம் பக்கம் இருக்கும்படி, சற்றுப் பக்கவாட்டில், இரண்டு எட்டு தள்ளி. ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் தொங்கக் கூடாது. ஐடி கார்டு கயிறு இழுத்தால் கழன்று வர வேண்டும். அடுத்த நைட் டியூட்டியிலேயே உதவிய விஷயங்கள் இவை.

பெரிய குறை ஒன்று உண்டு. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தியவர், அங்கே சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன். மனதுக்குள் வளரும் அந்த மாதிரிக் கோபம் காஷுவாலிட்டி வராந்தாவில் நடைபோட்டுக் காட்டாது. பில்லிங்கிலும் ரிசப்ஷனிலும் அதே ஆள் திரும்பத் திரும்ப வந்து புலம்புவதை யாராவது சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் வகுப்பில் இருந்தது நர்ஸ்களும் டியூட்டி டாக்டர்களும் மட்டும். வாசல் செக்யூரிட்டி, பில் போடும் பிள்ளைகள் யாரையும் கூப்பிடவில்லை. அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்களாம். முதல் வசவு அவர்களுக்குத்தான் விழுகிறது.

ஐந்துக்கு மூன்று. ஏற்பாடு செய்வதாக இருந்தால் மதிய அமர்வை மட்டும் கேளுங்கள், செக்யூரிட்டிக்கும் பில்லிங்குக்கும் சேர்த்து நாற்காலி போடச் சொல்லுங்கள். சாப்பாடு சுமார்தான்; சாம்பார் சாதத்தில் உப்பில்லை.